பட்டுப் பாதை ஒரே சாலையா? பழைய தரைவழி வணிகமும் வடசென்னையும்

2023 செப்டம்பரில் டெல்லியில் ஜி-20 மாநாடு நடந்தபோது, இந்தியாவிலிருந்து வளைகுடா நாடுகள் வழியாக ஐரோப்பாவுக்கு ஒரு பொருளாதார வழித்தடம் அமைக்கப்போவதாக அறிவித்தார்கள். அதற்குப் பத்தாண்டுகள் முன்பே, 2013-ல், மத்திய ஆசியா வழியாகப் போகும் தன் திட்டத்தைச் சீனா அறிவித்திருந்தது. இரண்டைப் பற்றிய பேச்சிலும் பழைய வணிகப் பாதைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. கூடவே வரைபடங்களும் சுற்றுகின்றன: சீனாவிலிருந்து ரோமாபுரி வரை ஒரு தடித்த சிவப்புக் கோடு, நடுவில் ஒட்டகம். தமிழ்நாடு அந்தப் படத்தில் பெரும்பாலும் இருக்காது. இருந்தால் கடல் பக்கம் ஒரு புள்ளியாக இருக்கும்.

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்காகக் காத்துக் கிடப்பதைப் பார்த்துப் பழகிய வடசென்னைக்காரர்களுக்கு இதில் நியாயமான கேள்விகள் எழும். அந்தப் பழைய பாதை உண்மையில் எப்படி இருந்தது? நம் பக்கத்தில் தரைவழி வணிகமே இல்லையா? சரக்கு போனால் மொழியும் சமயமும் கணக்கும் எப்படிக் கூடவே போகும்? அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில் சில சொற்கள்

பட்டுப் பாதை: இந்தப் பெயர் பழங்காலத்தது அல்ல. ஃபெர்டினாண்ட் ஃபான் ரிக்தோஃபன் என்ற ஜெர்மானியப் புவியியலாளர் 1877-ல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. அந்த வழிகளில் நடந்தவர்கள் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அடுத்த ஊருக்குப் போகும் வழி என்றுதான் அவர்களுக்குத் தெரியும்.

பெருவழி: நம் கல்வெட்டுகளில் நெடுஞ்சாலைக்கு வழங்கும் பெயர். கொங்கப் பெருவழி, அதியமான் பெருவழி, ராசகேசரிப் பெருவழி என்று பல உண்டு.

சாத்து: கூட்டமாகப் பயணம் செய்யும் வணிகர் குழு. வண்டி, கழுதை, காவலுக்கு வில்லாள் எல்லாம் சேர்ந்தது.

தாவளம்: வணிகர்கள் இறங்கித் தங்கும் இடம், சந்தை கூடும் இடம்.

உல்கு: சுங்கம். வழியில் நின்று வாங்கும் வரி.

யாரும் முழுத் தூரமும் போகவில்லை

வரைபடத்தில் உள்ள ஒற்றைக் கோடுதான் குழப்பத்தின் வேர். ஒரு வணிகன் சீனாவில் பட்டை ஏற்றிக்கொண்டு ரோமில் போய் இறக்கினான் என்று நினைக்க வைக்கிறது. நடந்தது தொடர் ஓட்டம். ஒருவர் நாலைந்து ஊர் தாண்டிக் கொடுத்துவிட்டுத் திரும்புவார், அடுத்தவர் அங்கிருந்து எடுத்துப் போவார். இதற்குக் காரணங்கள் உண்டு.

1. விலங்கு. பாலைவனத்துக்கு ஒட்டகம், மலைக்குக் கழுதையும் கோவேறு கழுதையும், சமவெளிக்கு மாட்டு வண்டி. நிலம் மாறும் இடத்தில் சுமையை இறக்கி வேறு முதுகில் ஏற்றியே ஆக வேண்டும்.

2. காவல். ஒரு அரசனின் பாதுகாப்பு அவன் எல்லை வரைதான். அப்புறம் வேறு ஆள், வேறு பேரம்.

3. நம்பிக்கை. கடன் கொடுக்கவும் எடை போடவும் ஜாமீன் நிற்கவும் அந்த ஊரில் தெரிந்த ஆள் வேண்டும். அறிமுகம் இல்லாத ஊரில் விலைமிக்க சரக்கோடு நிற்பது ஆபத்து.

4. சுங்கம். சிரியப் பாலைவனத்தின் நடுவே இருந்த பல்மைரா நகரம் கி.பி. 137-ல் தன் வரி விவரத்தைக் கல்லில் வெட்டி வைத்தது. ஒட்டகச் சுமைக்கு எவ்வளவு, கழுதைச் சுமைக்கு எவ்வளவு என்று கிரேக்கம், அரமேயம் என இரண்டு மொழியிலும் எழுதினார்கள். வருகிறவர்களில் இரு தரப்பும் இருந்ததால்தான் அந்தத் தேவை வந்தது.

சீனாவின் ஹான் பேரரசர் கி.மு. 138-ல் சாங் சியான் என்ற தூதரை மேற்கே அனுப்பினார். வழியில் சியோங்நு என்ற நாடோடி மக்களிடம் பத்தாண்டுக்கு மேல் சிறைப்பட்டுத் தப்பிய அவர், இன்றைய ஆப்கானிஸ்தானின் வடபகுதியான பாக்திரியாவை அடைந்தபோது சந்தையில் சீனத்தின் தென்மேற்கிலிருந்து வந்த துணியையும் மூங்கில் தடியையும் பார்த்துத் திகைத்தார். இவை எப்படி இங்கே வந்தன என்று கேட்டதற்கு, எங்கள் வணிகர்கள் இந்தியாவில் வாங்கி வருகிறார்கள் என்று பதில் கிடைத்தது. அரசுக்கே தெரியாத ஒரு வழியில், பெயர் தெரியாத பல கைகள் மாறி, சரக்கு தூதருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது.

அந்தக் கைகளில் சில நமக்கு எழுத்தாகக் கிடைத்திருக்கின்றன. சமர்கண்டைச் சுற்றி வாழ்ந்த சோக்தியர்கள் மத்திய ஆசிய வழிகளின் முக்கிய வணிகர்கள். சுமார் கி.பி. 313-ல் அவர்கள் எழுதிய கடிதங்களின் மூட்டை ஒன்றை, சீனாவின் துன்ஹுவாங் நகருக்கு மேற்கே இடிந்த காவல் கோபுரம் ஒன்றில் 1907-ல் தொல்லியலாளர் ஆரல் ஸ்டைன் கண்டெடுத்தார். வெள்ளி, கஸ்தூரி பற்றிய வியாபாரத் தகவல்களோடு, கணவன் கைவிட்டதால் மகளோடு துன்ஹுவாங்கில் மாட்டிக்கொண்ட மிவ்னாய் என்ற பெண்ணின் கடிதமும் அதில் இருக்கிறது. உன் மனைவியாக இருப்பதைவிட நாய்க்கோ பன்றிக்கோ மனைவியாக இருக்கலாம் என்று கணவனுக்கு எழுதுகிறாள். ஊர் திரும்ப அவளை அழைத்துப் போகும் சாத்து கிடைக்கவில்லை. வணிகப் பாதை என்றால் நகர்வு மட்டுமே என்று நினைக்கிறோம். அதில் காலத்தின் பெரும்பகுதி காத்திருப்பில் போயிற்று. இந்தக் கட்டுரையின் மையமும் அதுதான்: சரக்கு கைமாறுவதற்காக மனிதர்கள் காத்திருந்த ஊர்களில்தான் பண்பாடும் கைமாறியது.

தமிழகத்தின் குறுக்கே ஒரு வழி

நம் பழைய வணிகம் என்றாலே கப்பலும் பூம்புகாரும் முசிறியும் நினைவுக்கு வருகின்றன. அந்தத் துறைமுகங்களுக்குச் சரக்கு எப்படி வந்தது என்பதைப் போதுமான அளவு நாம் கேட்பதில்லை.

மிளகு விளைந்தது மேற்கு மலையில். பூம்புகார் இருப்பது கிழக்குக் கடற்கரையில். பட்டினப்பாலை அந்த நகரத்துச் சரக்குகளை அடுக்கும்போது குதிரை கடல்வழி வந்ததாகவும் மிளகு மூட்டை வண்டியில் வந்ததாகவும் பிரித்தே சொல்கிறது. அந்த வண்டி வந்த வழி பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையில் 30 கி.மீ.க்கு மேல் அகலமான அந்தத் திறப்பு இல்லாவிட்டால் தென்னிந்திய வணிக வரலாறே வேறு மாதிரி இருந்திருக்கும். கணவாயைத் தாண்டினால் கோவை வட்டாரம், நொய்யல் கரை, கரூர், அப்புறம் காவிரியை ஒட்டி உறையூர், கடைசியில் பூம்புகார். இந்தியாவில் ரோமானியக் காசுகள் மிகுதியாகக் கிடைத்த பகுதிகளில் கோவையும் கரூரும் அடங்குவது இதனால்தான். காசு துறைமுகத்தில் நிற்கவில்லை, சாலையோடு உள்ளே வந்தது.

இந்த வழியில் நொய்யல் கரையில் இருக்கிறது கொடுமணல், இன்றைய ஈரோடு மாவட்டத்தில். 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே அகழாய்வைத் தொடங்கியது. அங்கே கிடைத்தவற்றைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அருகில் உள்ள படியூரின் பச்சைக்கல்லும் பக்கத்துக் குன்றுகளின் படிகமும் இங்கே மணிகளாகத் தீட்டப்பட்டன. இரும்பும் எஃகும் உருக்கிய உலைகள் இருந்தன. இவை உள்ளூர்ச் சரக்கு. கூடவே குஜராத் பக்கத்துச் சூதுபவளமும் ஆப்கானிஸ்தானின் படக்சான் மலைகளில் எடுக்கும் நீலக்கல்லும் கிடைத்தன. படக்சானிலிருந்து நொய்யல் வரை ஒரு கல் வர வேண்டுமானால் எத்தனை தாவளங்களில் இறங்கி ஏறியிருக்க வேண்டும்!

அதைவிட முக்கியமானவை பானை ஓடுகள். நூற்றுக்கணக்கான ஓடுகளில் தமிழின் பழைய எழுத்தான தமிழியில் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. பெரும்பாலும் தமிழ்ப் பெயர்கள், இடையே வடக்கத்திய மொழியான பிராகிருதத்தின் பெயர்கள். வணிகர் குழுவைக் குறிக்கும் நிகமம் என்ற வடக்கத்திய சொல்லும் அவற்றில் உண்டு. வடக்கிலிருந்து வந்த வணிகர் கல் தீட்டும் பட்டறையில் தங்கி, தன் பானையில் பெயர் எழுதிவைத்துச் சோறு தின்ற ஊர் அது. எழுத்து அரசவையிலிருந்து மட்டும் பரவியது என்ற எண்ணத்தைக் கொடுமணல் ஆட்டிவைக்கிறது. கணக்கு வைக்கவும் சரக்கை அடையாளம் காட்டவும் எழுத்து தேவைப்பட்டவர்களின் கையில் அது சாதாரணமாகப் புழங்கியிருக்கிறது.

பெரிய அரசர்கள் பெயரை மனப்பாடம் செய்யும் நம் பள்ளி வரலாற்றில், ஒரு சாதாரண வணிகனின் பெயர் கீறிய ஓட்டுக்கும் அதே மரியாதை கிடைக்க வேண்டும்.

கடல் தாண்டிய சரக்கும் தரைவழியிலிருந்து தப்பவில்லை. வியன்னாவில் உள்ள கி.பி. 2-ஆம் நூற்றாண்டு பாப்பிரஸ் ஒப்பந்தம் ஒன்று, முசிறி வணிகத்துக்காக வாங்கிய கடனைப் பற்றியது. செங்கடல் துறைமுகத்தில் இறக்கிய சரக்கு பாலைவனத்தின் குறுக்கே ஒட்டகத்தில் நைல் நதிக் கரையின் கோப்டோஸ் நகருக்குப் போக வேண்டும், அங்கிருந்து ஆற்றில் அலெக்சாந்திரியா, அங்கே நான்கில் ஒரு பங்கு வரி. செங்கடல் துறையான பெரெனிகேயில் இருந்து கோப்டோஸுக்கு 12 நாள் நடை, பெரும்பாலும் இரவில். அந்தப் பெரெனிகேயில் கோயில் ஒன்றில் ஏழரை கிலோ மிளகு நிறைந்த இந்தியச் சாடி கிடைத்தது. கொற்றன் என்ற தமிழ்ப் பெயர் கீறிய ஓடும் அங்கே கிடைத்தது. அதுவும் ஒரு கைமாறும் இடம்தான்.

வடக்கே போகும் வழி: தொண்டை நாடு

இனி நம் பக்கம். வடசென்னை தொண்டை நாட்டில், புழற்கோட்டத்தில் அடங்கியது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை இந்த நாட்டுச் சாலைகளை நேரில் பார்த்தது போலக் காட்டுகிறது. உப்பு வணிகரான உமணர்கள் குடும்பத்தோடு மாட்டு வண்டி வரிசையில் போகிறார்கள். முதுகில் தழும்பேறிய கழுதைகள் மிளகுப் பொதி சுமக்கின்றன. சுங்கம் வாங்கும் பெருவழியின் கிளைப் பிரிவுகளை வில்லேந்திய காவலர்கள் காக்கிறார்கள். நீண்ட வழிக்கு உமணர்கள் வண்டியின் அடியில் உதிரி அச்சு ஒன்றைக் கட்டிப் போவார்கள் என்று புறநானூறு சொல்கிறது. இன்று லாரிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னி செய்யும் வேலை அது.

தொண்டை நாட்டிலிருந்து தெலுங்கு நாட்டுக்குப் போன சாலைக்கு வடுகவழி என்று பெயர். பாண மன்னர்களின் நாட்டை 'வடுகவழிக்கு மேற்கு' என்றே கல்வெட்டுகள் குறிப்பிடும் அளவுக்கு அது எல்லோரும் அறிந்த சாலை. அது இன்றைய ஜி.என்.டி. (கிராண்ட் நார்தர்ன் டிரங்க்) சாலையின் அதே தடம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நில அமைப்பு அதிகம் மாறவில்லை. கிழக்கே கடலும் பழவேற்காட்டு ஏரியும், மேற்கே நகரி மலைகள். நடுவில் உள்ள சமவெளிதான் வடக்கே போகும் எல்லா வண்டிக்கும் வாசல். கொசஸ்தலையாற்றிலும் ஆரணியாற்றிலும் வெள்ளம் வந்தால் அங்கேயே தங்க வேண்டியதுதான்.

பொன்னேரி வட்டத்துக் காட்டூரில் சோழர் கால வணிகக் குழுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஐந்நூற்றுவர் என்ற புகழ்பெற்ற வணிகர் சங்கம் அந்த ஊரை வீரபட்டினமாக ஆக்கியதைப் பற்றியது அது. வீரபட்டினம் என்றால் வணிகர்கள் தங்கள் சொந்தக் காவல் வீரர்களோடு சலுகை பெற்று இயங்கிய ஊர். மீஞ்சூர் ரயிலில் போகிறவர்களுக்குக் காட்டூர் வெறும் கிராமப் பெயர். பல மொழி பேசிய நாடுகளில் கிளை பரப்பிய ஒரு சங்கம், தன் சரக்கையும் ஆட்களையும் காக்க அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது. இந்தக் கல்வெட்டு நம் பாடநூலில் இடம்பெற வேண்டும் என்பது என் கருத்து.

வடக்கு பெரிதா தெற்கு பெரிதா என்ற விவாதம்கூடப் பழையது. இமயமலைப் பக்க வழியே சிறந்தது, யானையும் குதிரையும் பொன்னும் வெள்ளியும் அங்கிருந்து வருகின்றன என்று தன் ஆசான் சொன்னதை அர்த்தசாஸ்திரத்தில் கௌடில்யர் மறுக்கிறார். கம்பளி, தோல், குதிரை தவிர மற்றவை, அதாவது சங்கு, வைரம், மணி, முத்து, பொன் எல்லாம் தென்வழியில்தான் ஏராளம் என்பது அவர் வாதம். வண்டி போகும் வழி நடைவழியைவிட மேல் என்றும் சேர்த்துச் சொல்கிறார்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களையும் நம் சாலைகள் மறக்கவில்லை. தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழி மைல்கல் ஒன்றில் நாவற்தாவளத்துக்கு 29 காதம் (பழைய தூர அளவு) என்று எழுத்திலும் எண்ணிலும் வெட்டிவிட்டு, கீழே இரண்டு பெரிய குழியும் ஒன்பது சிறிய குழியும் போட்டிருக்கிறார்கள். பெரிய குழி பத்து, சிறிய குழி ஒன்று. இரவில் வரும் வண்டிக்காரர் விரலால் தடவியே தூரத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

என்னென்ன கைமாறியது

சரி, காத்திருந்த ஊர்களில் நடந்தது என்ன? உறுதியான சான்றுள்ள நான்கை மட்டும் சொல்கிறேன்.

1. சமயம். குமாரஜீவர் (344–413) தாரிம் பாலைவன ஓரத்துக் குச்சா நகரில் பிறந்தவர். தந்தை இந்தியர். சீனப் படைத்தலைவன் ஒருவன் அவரைப் பிடித்துப்போய், லியாங்சோ என்ற வணிக நகரில் ஏறக்குறைய 17 ஆண்டுகள் வைத்திருந்தான். அந்தச் சிறைக்காலத்தில் சீன மொழி அவருக்கு வசமானது. 401-ல் சாங்-ஆன் தலைநகரை அடைந்ததும் அவர் செய்த பௌத்த மொழிபெயர்ப்புகளைச் சீனர்கள் இன்றும் ஓதுகிறார்கள். பின்னாளில் யுவான் சுவாங் 629-ல் கிளம்பி, அதே பாலைவன வழியாக இந்தியா வந்து, நம் காஞ்சிபுரம் வரை எட்டினார்.

2. எண். இந்தியர்களின் ஒன்பது குறிகளைக் கொண்ட கணக்கு முறையை யூப்ரடிஸ் கரை மடாலயம் ஒன்றைச் சேர்ந்த செவேருஸ் செபோக்த் 662-ல் பாராட்டி எழுதினார். 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதின் கணித அறிஞர் அல்-குவாரிஸ்மி அதை விளக்கி நூல் எழுதினார். ஐரோப்பாவில் 1202-ல் அதைப் பரப்பிய இத்தாலியக் கணித அறிஞர் ஃபிபொனாச்சி எங்கே கற்றார்? அவர் தந்தை பைசா நகர வணிகர்களுக்காக வட ஆப்பிரிக்காவின் புஜியா துறைமுகச் சுங்கச் சாவடியில் வேலை பார்த்தார். சிறுவனை அங்கே அழைத்துக் கணக்குப் படிக்க வைத்தார். நாம் இன்று எழுதும் எண்கள் ஐரோப்பா போனதில் ஒரு சுங்கச் சாவடிக்கும் பங்கு உண்டு.

3. கலை. ஆப்கானிஸ்தானின் பெக்ராமில் 1930-களில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அடைத்துவைத்த அறைகளைத் திறந்தபோது இந்தியத் தந்தச் சிற்பங்கள், ரோமானியக் கண்ணாடி, சீன அரக்குப் பாத்திரம் மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தன. நம் பக்கத்து உதாரணம் ஒன்றும் உண்டு. தக்காணத்தை ஆண்ட சாதவாகனரின் வெள்ளிக் காசுகளில் ஒரு பக்கம் பிராகிருதம், மறுபக்கம் தமிழை ஒட்டிய மொழி. இரண்டு மொழி பேசும் சந்தைக்காக அடித்த காசு.

4. நோய். இதை விட்டுவிட்டுப் பண்பாட்டுப் பரிமாற்றம் என்று புகழ்வது அரை உண்மை. கிர்கிஸ்தானின் இசிக்குல் ஏரிப் பக்கம், சிரிய மொழியில் கல்லறை வாசகம் எழுதிய கிறித்தவச் சமூகத்தின் மயானங்களில் 1338, 1339 ஆகிய ஆண்டுகளில் புதைத்தவர்களின் பற்களில் கொள்ளைநோய்க் கிருமியின் மரபணு இருப்பதாக 2022-ல் வெளியான ஆய்வு காட்டியது. 1347-ல் அந்த நோய் ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. தங்கும் இடங்களே தொற்றும் இடங்களாகவும் ஆயின.

கடல்வழி வந்ததும் தரைவழி முடிந்ததா?

1498-ல் வாஸ்கோ ட காமா வந்ததோடு தரைவழி செத்தது என்று பலர் எழுதுகிறார்கள். ஜார்ஜ் டவுனின் அரண்மனைக்காரன் தெரு அதை மறுக்கிறது. அங்கே நிற்கும் ஆர்மீனியத் தேவாலயத்தின் இன்றைய கட்டடம் 1772-ஐச் சேர்ந்தது. அதைக் கட்டிய சமூகத்தின் வணிகத் தலைநகரம் ஈரானின் இஸ்பஹானை ஒட்டிய புதிய ஜுல்ஃபா. 1600-களின் தொடக்கத்தில் ஷா அப்பாஸ் அவர்களைப் பழைய ஜுல்ஃபாவிலிருந்து பெயர்த்து அங்கே குடியேற்றினார். அவர்கள் ஒட்டகம், கப்பல் இரண்டையும் கலந்து பயன்படுத்தினார்கள். ஹோவ்ஹானஸ் என்ற ஜுல்ஃபா வணிகர் 1682-ல் கிளம்பி, சூரத், ஆக்ரா வழியாக லாசாவுக்குப் போய் அங்கே சுமார் ஐந்தாண்டு தங்கி வியாபாரம் செய்த கணக்குப் புத்தகம் இன்றும் இருக்கிறது. உலகின் முதல் ஆர்மீனிய இதழான அஸ்தரார் 1794-ல் வெளிவந்த ஊர் நம் சென்னை. தாய்நாட்டில் முடியாததை, சரக்கு கைமாறும் ஓர் ஊரில் தங்கியவர்கள் செய்தார்கள்.

புதிய வழித்தடங்களை எப்படிப் படிப்பது

இனி செய்திக்குத் திரும்பலாம். புதிய வரைபடம் ஒன்றைப் பார்த்தால் கோட்டின் நீளத்தைவிட அது எங்கே உடைகிறது என்று பாருங்கள்.

1. 2023-ல் அறிவித்த வழித்தடத்தில் சரக்கு இந்திய மேற்குக் கரையில் கப்பலேறி, வளைகுடாவில் இறங்கி ரயிலேறி, மத்தியதரைக் கடலில் மறுபடி கப்பலேற வேண்டும். ஒவ்வொரு மாற்றமும் செலவு, வரி, அரசியல் ஒப்பந்தம். பல்மைரா எந்த இடத்தில் வாழ்ந்ததோ அதே வகை இடங்களில்தான் இந்தத் திட்டமும் வாழும் அல்லது மாட்டிக்கொள்ளும்.

2. கன்டெய்னர் ஒரு பெரிய வித்தியாசத்தைக் கொண்டுவந்தது. 1956-ல் அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் தொடங்கிய இந்த முறையில் பெட்டி பூட்டி முத்திரையோடு கைமாறுகிறது. முன்பு ஒவ்வொரு தாவளத்திலும் மூட்டையைப் பிரித்து, எடை பார்த்து, வாய்ச்சண்டை போட்டு, மொழிபெயர்த்துத் தீர்க்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். இப்போது கிரேன் ஓட்டுபவருக்குப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்றே தெரிய வேண்டியதில்லை. சரக்கின் அளவு பல மடங்கு கூடியிருக்கிறது, கைமாறும் இடத்தில் மனிதர்கள் பேசிக்கொள்ளும் நேரம் குறைந்திருக்கிறது. புதிய வழித்தடம் பழையதைப் போலவே நாகரிகங்களை இணைக்கும் என்ற பேச்சை இந்தக் காரணத்தால் நான் அப்படியே ஏற்கவில்லை.

3. மூட்டை பிரியும் இடங்களில் மட்டும் பழைய கலப்பு தொடர்கிறது. சவுகார்பேட்டையின் மொத்தக் கடைகளில் மார்வாரியும் குஜராத்தியும் தெலுங்கும் தமிழும் ஒரே பில் புத்தகத்தில் சந்திக்கின்றன. செங்குன்றம் அரிசி மண்டிகளில் ஆந்திர நெல் இறங்குகிறது. மாதவரத்தில் ஆந்திரப் பேருந்துகளும் சரக்கு லாரிகளும் வந்து நிற்கின்றன. எண்ணூர், காட்டுப்பள்ளி, சென்னை என மூன்று துறைமுகங்களுக்கும் பெட்டி சுமக்கும் டிரெய்லர் ஓட்டுநர்கள் பல மாநிலத்தவர், பல மணி நேரம் சாலையிலேயே நிற்பவர்கள். அவர்களுக்குக் கழிப்பறையும் குடிநீரும் நிழலும் உள்ள தங்குமிடம் கட்டுவது வழித்தடத் திட்டத்தின் ஓரச் செலவு அல்ல. பழைய பெருவழியில் தாவளமும் சத்திரமும் கிணறும் சாலையோடு சேர்ந்தே இருந்தன. இன்றைய திட்ட அறிக்கைகளிலும் அவற்றுக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம்.